கணினி தானாக சைன் அவுட் ஆகிறது, சில நேரம் பட்டென்று அணைகிறது

கேள்வி

வீட்டு டெஸ்க்டாப். விண்டோஸ் 11, 450 வாட் மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய பவர் சப்ளை), ஒரு 8 பின் மின் இணைப்பு கேட்கும் கிராஃபிக்ஸ் கார்டு. மின்சாரம் யூபிஎஸ் வழியாக வருகிறது. இரண்டு விதமாகப் படுத்துகிறது. சில நேரம் வேலைக்கு நடுவே திரை கறுத்து, பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் வந்து நிற்கிறது. சில நேரம் பிளக்கைப் பிடுங்கியதுபோல மொத்தமாக அணைகிறது. விண்டோஸ் விழும்போது வரும் பிழைத் திரை (நீலத் திரை) வருவதில்லை. வைரஸ் ஸ்கேனில் எதுவும் இல்லை. விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகுமா?

பதில் 1

அழிப்பது கடைசி வேலை. இப்போதே அழித்தால் காரணத்தைச் சொல்லும் பதிவுகளும் சேர்ந்து போய்விடும்.

முதலில், அது நிஜமாகவே சைன் அவுட்தானா என்று பாருங்கள். பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு, சேமிக்காமல் விடுங்கள். பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போனதும் கோடு அப்படியே இருந்தால் அது வெறும் பூட்டு (லாக்). ஸ்கிரீன் சேவர், ஸ்லீப், போன் விலகிப்போனால் பூட்டும் டைனமிக் லாக் என்று அமைப்புகளில் தேடினால் போதும். எல்லாம் மூடிக் கிடந்தால்தான் சைன் அவுட். இந்தச் சோதனைக்கு நோட்பேடு வேண்டாம். விண்டோஸ் 11-இல் அது சேமிக்காத எழுத்தையும் திருப்பிக் கொண்டுவந்து உங்களை ஏமாற்றும்.

அடுத்து, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து கணினியில் நடந்தவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறங்கள். விண்டோஸ் லாக்ஸ் (பதிவுகள்), அதற்குள் சிஸ்டம். வலப்பக்கம் ஃபில்டர் கரண்ட் லாக் என்பதில் 41, 1074, 4101, 6008, 7002 என்ற எண்களைக் காற்புள்ளி வைத்துக் கொடுங்கள்.

1074 இருந்தால் ஏதோ ஒரு புரோகிராம் முறைப்படி அணைக்கச் சொல்லியிருக்கிறது. அதன் பெயரும் அங்கேயே இருக்கும். விண்டோஸ் அப்டேட், டாஸ்க் ஷெட்யூலரில் யாரோ எப்போதோ வைத்த வேலை, இப்படி. 6008 என்பது முந்தைய முறை ஒழுங்காக அணையவில்லை என்பதை மட்டும் சொல்லும், காரணம் சொல்லாது. 7002 சைன் அவுட் ஆன நேரம். முக்கியமானது 41, கணினி முறைப்படி அணையாமல் மறுபடி கிளம்பியதன் பதிவு. அதைத் திறந்து டீட்டெய்ல்ஸ் டேபில் பக்செக் கோடு (விண்டோஸ் விழுந்த பிழையின் எண்), பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப் இரண்டையும் பாருங்கள். பக்செக் கோடு பூஜ்யம் இல்லையென்றால் பிழைத் திரை வந்திருக்கிறது, நீங்கள் பார்ப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. அந்த எண் தசமத்தில் இருக்கும், தேடும்போது ஹெக்ஸாக (16 அடிமான எண்ணாக) மாற்றிக்கொள்ள வேண்டும்: 292 என்றிருந்தால் ஹெக்ஸில் 124, அதாவது வன்பொருள் பிழை. டைம்ஸ்டாம்ப் பூஜ்யம் இல்லையென்றால் யாரோ பவர் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள், அல்லது பட்டன் உள்ளே சிக்கியிருக்கிறது. இரண்டுமே பூஜ்யமா? பெரும்பாலும் மின்சாரம் அறுந்திருக்கிறது. விண்டோஸுக்கு எழுதிவைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

பதில் 2

ஹீட்டாக இருக்கும். கேபினெட்டைத் திறந்து தூசி எடுங்கள், சிபியு ஹீட்சிங்கின் நாலு மூலையும் இறுகியிருக்கிறதா பாருங்கள். பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு புதிது வைத்தால் போதும்.

கேட்டவர்

பெயின்ட் மூடிவிட்டது, ஆகவே சைன் அவுட்தான். 41 மூன்று முறை இருக்கிறது, மூன்றிலும் இரண்டு மதிப்புகளும் பூஜ்யம். 1074 அந்த நேரங்களில் இல்லை. சைன் அவுட் ஆன ஒவ்வொரு முறையும் 4101 வந்து சில நொடியில் 7002. கேம் அல்லது வீடியோ எடிட்டிங் ஓடும்போதுதான் இரண்டுமே நடக்கின்றன. சிபியு 71 டிகிரியைத் தாண்டவில்லை.

பதில் 1

71 டிகிரி என்றால் சிபியு சூட்டை விட்டுவிடலாம். சூடு அதிகமானால் சிபியு முதலில் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், கடைசியில்தான் அணைக்கும். 71 அதற்கு வெகு கீழே.

4101 என்பது கிராஃபிக்ஸ் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பதில் சொல்லாமல் உறைந்து, விண்டோஸ் அதை மறுபடி கிளப்பியது என்பதற்கான பதிவு. இயல்பாக 2 நொடிதான் விண்டோஸ் பொறுக்கும். அப்ளிகேஷன் லாகில் அதே நேரத்தில் 1000 என்ற எண் இருக்கிறதா, அதில் டிடபிள்யூஎம் பெயர் வருகிறதா பாருங்கள். திரையை வரைந்து காட்டுவது அதுதான். அது விழுந்து மறுபடி எழாவிட்டால் விண்டோஸ் உங்கள் செஷனையே முடித்துவிடும். உங்களுக்கு அது சைன் அவுட்டாகத் தெரியும்.

டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டுப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் டிரைவர் மட்டும் கெட்டிருந்தால் கணினி மொத்தமாக அணைந்து போகாது. இரண்டு கோளாறும் லோடில் (கடும் வேலையின்போது) மட்டும் வருகின்றன என்பதால் எனக்குச் சந்தேகம் கார்டுக்குப் போகும் மின்சாரத்தின் மேல்தான். அந்த 8 பின் எங்கிருந்து வருகிறது?

கேட்டவர்

1000 இருக்கிறது, டிடபிள்யூஎம்தான். எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த 8 பின் கேபிள் இல்லை. இரண்டு மோலெக்ஸை (பழைய வகை 4 பின் மின் இணைப்பு) ஒரு 8 பின்னாக்கும் அடாப்டர் போட்டிருக்கிறது. இரண்டு மோலெக்ஸும் ஒரே கேபிளில் அடுத்தடுத்து இருப்பவை.

பதில் 3

அங்கேதான் வினை. 8 பின் இணைப்பு 150 வாட் வரை கொடுக்கும்படி வகுத்தது. 12 வோல்ட்டில் அது 12.5 ஆம்பியர், மூன்று 12 வோல்ட் ஒயர்களில் பிரிந்து வர வேண்டியது. உங்கள் இரண்டு மோலெக்ஸும் ஒரே கேபிள் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் ஒரே மஞ்சள் ஒயர் அத்தனையும் சுமக்கிறது. லோடு ஏறும்போது வோல்ட்டேஜ் இறங்கும். கொஞ்சம் இறங்கினால் கார்டு உறையும், அதாவது 4101. ரொம்ப இறங்கினாலோ, எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள கட் ஆஃப் செய்தாலோ 41.

மல்டிமீட்டர் இருந்தால் லோடில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். 11.4 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. 11.8 காட்டினாலும் நிம்மதி வேண்டாம், நொடிக்கும் குறைவான சரிவு மீட்டரில் தெரியாது. மென்பொருள் காட்டும் வோல்ட்டேஜை நம்பவே வேண்டாம்.

சந்தேகம் தீர, கணினியை அணைத்து, பிளக்கை எடுத்துவிட்டு கார்டைக் கழற்றுங்கள். சிபியுவில் உள் கிராஃபிக்ஸ் இருந்தால் மானிட்டரை மதர்போர்டில் மாட்டி இரண்டு நாள் ஓட்டுங்கள். யூபிஎஸ் இல்லாமலும் ஒருநாள் நேரடியாகச் சுவரில் செருகிப் பாருங்கள். பேட்டரி தளர்ந்த யூபிஎஸ் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் கணத்தில் லோடு தாங்காமல் விட்டுவிடும், பதிவில் அதுவும் அச்சு அசல் இதே 41-தான்.

கேட்டவர்

கார்டு இல்லாமல் இரண்டு நாளும் யூபிஎஸ்ஸிலேயே ஓடியது, ஒன்றும் ஆகவில்லை. அடாப்டரைக் கழற்றிப் பார்த்தால் ஒரு மோலெக்ஸில் மஞ்சள் ஒயர் நுழையும் துளையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி லேசாக உருகியிருக்கிறது. வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் 8 பின் கேபிள் கைவசம் இருக்கிறது, இதன் சாக்கெட்டிலும் சரியாக உட்காருகிறது. மாட்டலாமா?

பதில் 3

மாட்டாதீர்கள். கார்டு பக்கம்தான் பின் வரிசைக்குப் பொது விதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கம் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டம், ஒரே பிராண்டின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். சரியாக உட்காருவதால் ஆபத்து கூடுதல்: தரை (கிரவுண்ட்) ஒயர் இருக்க வேண்டிய பின்னில் 12 வோல்ட் போனால் கார்டு போய்விடும். இந்த மாடலுக்கென்றே உள்ள கேபிளை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் 8 பின்னோடு வரும் வேறு எஸ்எம்பிஎஸ், அதன் கேபிள்களை மட்டும் வைத்து. உருகிய அந்த மோலெக்ஸ் கேபிளில் வேறு எதையும் செருகாதீர்கள், ஃபேனைக்கூட.