‘பங்ஷனல் அன்பிளைண்டிங்’: தமிழில் என்ன சொல்லலாம்? (கெட்டமைன் கட்டுரைக்காக)

அன்பு நண்பர்களுக்கு,

நான்கு நாளாக இந்த இழை ஓடுகிறது. கேள்வியைப் போட்ட நானே வாய் திறக்கவில்லை, மன்னிக்கவும். கட்டுரையை முடித்துவிட்டுப் பேசலாம் என்று இருந்தேன். முடித்தும்விட்டேன், தலைப்பில் கேட்ட இந்த ஒரு சொல்லைத் தவிர. ஆய்வில் யாருக்கு மருந்து என்பதை மறைத்து வைப்பார்கள் (ஆங்கிலத்தில் ‘பிளைண்டிங்’, அதாவது கண்ணைக் கட்டுவது); அதை மருந்தின் விளைவே காட்டிக்கொடுத்துவிடுவதற்கு ஒரு பெயர் வேண்டும். இது இல்லாமல் கட்டுரையின் நடுப்பகுதி நிற்கவே மாட்டேன் என்கிறது.

கட்டுரையின் கேள்வி இதுதான்: கெட்டமைன் என்ற மயக்க மருந்து மனச்சோர்வுக்கு நிஜமாகவே மருந்தா? (‘மன அழுத்தம்’ என்று எழுதச் சொன்னவர்களுக்கு: அது ஸ்ட்ரெஸ். தேர்வுக்கு முந்தைய இரவு வருவது. மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடப்பதற்கு அந்தச் சொல் போதாது.)

இனி வந்த சொற்களைப் பார்ப்போம்.

> ‘செயல்சார் குருடகற்றல்’ என்று வைத்துக்கொள்ளலாமே. நேர் மொழிபெயர்ப்பு.

வேண்டாம், நண்பரே. கண் மருத்துவமனைப் பெயர்ப்பலகை போல இருக்கிறது. ‘குருட்டாய்வு’ என்றாலே நம் காதில் குருட்டாம்போக்கு என்றுதான் விழும். மிகக் கவனமாகச் செய்யும் ஓர் ஆய்வு முறைக்கு அந்தப் பெயர் நியாயமில்லை. ‘இரட்டைக் கண்கட்டு’ என்றவருக்கும் அதே பதில்தான். கண்கட்டு என்றதும் பின்னாலேயே வித்தை வந்து நிற்கும்.

> இருமறை ஆய்வு, மறைகழலல். சுருக்கமாக, அழகாக.

அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘இருமறை’ என்றால் எந்த இரண்டு வேதம் என்று கேட்பார்கள். அதையாவது சமாளிக்கலாம். ‘மறைகழலல்’ என்பதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மரை கழண்ட கேஸ்! மனநல மருத்துவக் கட்டுரையில், நோயாளிகளைப் பற்றிப் பேசும் பத்தியில் இது வந்தால் என்ன ஆகும்? எழுத்தில் றகரம், காதில் எல்லாம் ஒன்றுதான். மன்னியுங்கள், இதை நான் சேர்க்க மாட்டேன்.

‘மறைப்பு’ என்ற அடிச்சொல் எனக்குச் சம்மதம். இரட்டை மறைப்பு ஆய்வு என்றால் நோயாளிக்கும் தெரியாது, நோயின் கடுமைக்கு மதிப்பெண் போடும் மருத்துவருக்கும் தெரியாது, யாருக்கு மருந்து, யாருக்கு மருந்துப்போலி (மருந்து போலவே கொடுக்கப்படும், மருந்தில்லாத பொருள்) என்று. இதில் யாருக்கும் தகராறு இருப்பதாகத் தெரியவில்லை. தகராறு எல்லாம் அந்த மறைப்பு போய்விடுவதை எப்படிச் சொல்வது என்பதில்தான்.

எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மனச்சோர்வு ஆய்வுகளில் கெட்டமைனின் வழக்கமான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். சிரை வழியாக 40 நிமிடத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கும். மயக்கம் போட வைக்கும் அளவு இல்லை இது. ஆனால் சிறிது நேரத்திலேயே கை கால் தன்னுடையதல்ல போல ஆகிறது, அறையின் சத்தம் தூரப் போகிறது, நேரம் இழுபடுகிறது, சிலருக்கு மிதப்பது போல இருக்கிறது. பக்கத்து அறையில் இன்னொருவருக்கு வெறும் உப்புநீர் இறங்குகிறது. அவர் 40 நிமிடமும் சொட்டு விழுவதையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. தனக்கு எது வந்தது என்று இவர்கள் இருவரிடமும் யாராவது சொல்ல வேண்டுமா? உறையில் போட்டு முத்திரை வைத்த ரகசியத்தை மருந்தே போட்டு உடைத்துவிட்டது.

மேலும், இவர்கள் வேறு மருந்துகளில் பலன் காணாமல் ‘கடைசியாக இதையாவது பார்ப்போம்’ என்று வந்தவர்கள். மருந்து கிடைத்துவிட்டது என்று தெரிந்தவருக்குத் தெம்பு வருகிறது. கிடைக்கவில்லை என்று தெரிந்தவர் இன்னும் சோர்ந்து போகிறார். மறுநாள் கேள்வித்தாளை வைத்து இருவருக்கும் மதிப்பெண் போட்டால் கிடைக்கும் வித்தியாசத்தில் மருந்தின் பங்கு எவ்வளவு, நம்பிக்கையின் பங்கு எவ்வளவு?

முதல் ஆய்வுகள் எல்லாம் உப்புநீரோடு ஒப்பிட்டவைதான். 2000இல் யேல் பல்கலைக்கழகக் குழுவின் சின்ன ஆய்வு. 2006இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் 18 பேரை வைத்துச் செய்த ஆய்வு. ஒரே நாளில் 71 விழுக்காட்டினருக்குக் குணம் தெரிந்தது. வழக்கமான மாத்திரைகள் வாரக்கணக்கில் காக்க வைக்கும் நோயில் ஒரே நாள்! உலகம் பரபரப்பானதில் வியப்பில்லை. (ஒரு வாரம் வரை அந்தப் பலன் நீடித்தது 35 விழுக்காட்டினருக்குத்தான் என்பது அவ்வளவாகப் பரபரப்பாகவில்லை.) 2013இல் உப்புநீருக்குப் பதில் மிடாசோலம் என்ற தூக்க மருந்தை வைத்தார்கள், அதற்காவது தலை கிறுகிறுக்குமே என்று. 73 பேர், குணம் தெரிந்தது கெட்டமைனில் 64 விழுக்காட்டினருக்கு, மிடாசோலத்தில் 28. வித்தியாசம் இன்னும் பெரியதுதான். ஆனால் தூங்கி வழிவதும் மிதப்பதும் ஒன்றல்லவே.

மூக்கில் அடிக்கும் எஸ்கெட்டமைன் (கெட்டமைனின் ஒரு வடிவம்) கதை இன்னும் சுவை. மருந்து கசக்கும் என்பதால் மருந்துப்போலியிலும் கசப்புப் பொருளைக் கலந்தார்கள். நாக்கை ஏமாற்றியாகிவிட்டது, தலையை எப்படி ஏமாற்றுவது? 2019இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை அதற்கு அனுமதி கொடுத்தபோது, மருந்து எடுத்தவரைக் குறைந்தது இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அவ்வளவு தெளிவாக வெளியே தெரிகிற விளைவு!

சரி, சொல்லுக்கு வருகிறேன். நம் குழுவில் நிதானமாக எழுதும் ஐயா ஒருவர் சொன்னது என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது:

> ஆங்கிலத்துக்கு அங்கே ஓர் அடைமொழி தேவைப்படுகிறது. தமிழுக்குத் தேவையில்லை. அவிழ்த்தல் பிறவினை, அவிழ்தல் தன்வினை. ஆய்வு முடிந்ததும் நாமே உறையைப் பிரிப்பது மறைப்பவிழ்த்தல். தானாகவே நடந்துவிடுவது மறைப்பவிழ்தல். வினையே வேலையைச் செய்துவிடுகிறது.

ஐயா, கை கொடுங்கள். இழையிலேயே எனக்குப் பிடித்த வாதம் இதுதான். ‘செயல்சார்’ என்ற ஒட்டை எறிந்துவிடலாம் என்று இதைப் படித்த பிறகுதான் தைரியம் வந்தது. ஆனால் இரண்டுக்கும் இடையே நிற்பது ஒரேயொரு ‘த்’. மெய்ப்புப் பார்ப்பவர் அசந்தால் போச்சு. ஆய்வாளர்களே வேண்டுமென்று உறையைப் பிரித்ததாக அச்சாகிவிடும். அது பிழையோடு நிற்காது, பழியாகவும் ஆகும்.

இன்னொன்றும் இருக்கிறது. அவிழ்தல் என்றால் முடிச்சு இருந்தது, இப்போது இல்லை. நாம் சொல்ல வருவது அப்படி முழுசாகப் போவதல்ல. சிலர் கண்டுபிடித்துவிடுகிறார்கள், சிலர் சந்தேகப்படுகிறார்கள், சிலருக்கு ஒன்றுமே பிடிபடுவதில்லை. உப்புநீரை வைத்தால் நிறைய, மிடாசோலத்தை வைத்தால் கொஞ்சம் குறைவாக. அளவு உண்டு இதில்.

ஆகவே என் பரிந்துரை: மறைப்புக் கசிவு.

வினாத்தாள் கசிவு என்று செய்தித்தாளில் படித்துப் பழகியவர்கள் நாம். அதில் இருக்கும் நியாயம் அப்படியே இங்கே பொருந்துகிறது. வினாத்தாள் கசிந்த தேர்வில் ஒரு பெண் 95 வாங்கியிருக்கிறாள். அவள் உண்மையிலேயே கெட்டிக்காரியாக இருக்கலாம். கசியாமல் இருந்தாலும் 95 வாங்கியிருக்கலாம். ஆனால் அந்த மதிப்பெண்ணைக் காட்டி அதை நிரூபிக்க முடியாது. மறுதேர்வுதான் வழி. கெட்டமைனின் நிலை இன்றைக்கு இதுதான் என்பது என் எண்ணம். ‘எல்லாம் ஏமாற்று’ என்பவரும் தப்பு, ‘அதிசய மருந்து’ என்பவரும் தப்பு.

மறுதேர்வு வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. ஸ்டான்ஃபோர்டில், மனச்சோர்வோடு அறுவை சிகிச்சைக்கு வந்த 40 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் ஏற்கெனவே முழு மயக்கத்தில் இருக்கும்போது பாதிப் பேருக்குக் கெட்டமைன், பாதிப் பேருக்கு உப்புநீர். மிதப்பதை உணர ஆளே விழித்திருக்கவில்லை! கசிவதற்கு வழியில்லாத மறைப்பு. 2023இல் முடிவு வந்தது: மறுநாள் மனச்சோர்வு மதிப்பெண் பாதியோ அதற்கு மேலோ குறைந்தவர்கள், அதாவது குணம் தெரிந்தவர்கள், கெட்டமைனில் 60 விழுக்காடு, உப்புநீரில் 50. பெரிய வித்தியாசமாக எடுத்துக்கொள்ள முடியாது. தனக்கு எது வந்தது என்று சரியாக ஊகித்தவர்கள் 36.8 விழுக்காடுதான். என்னை நிறுத்தியது அந்த 60 அல்ல, 50. உப்புநீரில் பாதிப் பேர்!

இதற்கு நம் மருத்துவ நண்பர் எழுதிய மறுப்பையும் மறைக்காமல் போடுகிறேன்:

> 40 பேர் மிகக் குறைவு. மயக்கத்துக்குக் கொடுத்த மருந்துகளே மனநிலையை மாற்றியிருக்கலாம், அல்லது கெட்டமைனின் வேலையைத் தடுத்திருக்கலாம். அந்த மிதக்கும் அனுபவமே சிகிச்சையின் ஒரு பகுதியாக இருந்தால், அதை அணைத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்பது, விளக்கை அணைத்துவிட்டுப் படம் தெரியவில்லை என்பது போல.

டாக்டர், கடைசி வரி அருமை. முதல் இரண்டும் நியாயம். மூன்றாவதுதான் என் சொல்லுக்கு உண்மையான சோதனை. அனுபவமே மருந்து என்றால் அதைக் கசிவு என்று சொல்லலாமா? கசிவு என்றாலே ஓட்டை, குறை என்ற பொருள் வருகிறதே. யோசித்தேன். கசிவது மருந்தல்ல, ரகசியம். குறை மருந்தில் இல்லை, ஆய்வின் ஏற்பாட்டில் இருக்கிறது. அனுபவம் குணமாக்கினாலும் ஆக்காவிட்டாலும் ரகசியம் கசிந்தது கசிந்ததுதான். அதனால் சொல் தாங்கும் என்று நினைக்கிறேன்.

கசிந்தால் வித்தியாசம் வந்தே தீரும் என்றும் இல்லை. 2025இல் அயர்லாந்திலிருந்து வந்த ஆய்வில், மனச்சோர்வோடு மருத்துவமனையில் தங்கியிருந்த 65 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கெட்டமைனும் மறு பிரிவுக்கு மிடாசோலமும் பலமுறை கொடுத்து ஒப்பிட்டார்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் தமக்கு எது வந்தது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அப்படியும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆகவே ‘கசிவு’ என்பதை ‘பொய்’ என்று வாசித்துவிடக் கூடாது என்று கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

> ஒரே ஒரு மருந்துக்காக ஒரு கலைச்சொல்லா?

ஒரு மருந்துக்கு மட்டும் இல்லை. வாய் உலர வைக்கும் பழைய மனச்சோர்வு மாத்திரைகளிலும் இது உண்டு. 2024இல் எம்டிஎம்ஏ (‘எக்ஸ்டசி’ என்ற போதைப்பொருளாகப் பலருக்குத் தெரிந்தது) சிகிச்சைக்கு அமெரிக்காவில் அனுமதி மறுக்கப்பட்டபோது ஆலோசனைக் குழு எழுப்பிய கேள்விகளில் இதுவும் ஒன்று. சைலோசைபின் (சில போதைக் காளான்களில் இருக்கும் பொருள்) பற்றி எழுதப் போகிறவர்களுக்கும் நாளை இது வேண்டும்.

‘கசிவு என்றால் பக்தியில் உள்ளம் கசிவது நினைவுக்கு வருமே’ என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். வரட்டுமே. முன்னால் ‘மறைப்பு’ நிற்கும்போது யாரும் கைகூப்ப மாட்டார்கள்.

கெட்டமைன் தரும் அந்த மிதக்கும், விலகிப்போகும் நிலையைக் குறிக்கும் ‘டிசோசியேட்டிவ்’ என்ற சொல்லையும் கேட்டிருந்தீர்கள். நான் ‘தன்விலகல்’ என்று எழுதிவிட்டேன். மறுப்பு இருந்தால் தனி இழை தொடங்குங்கள். அந்த ஆங்கிலப் பெயர் வந்த விதம் நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. 1964இல் முதன்முதலாக மனிதர்களுக்குக் கெட்டமைன் கொடுத்துப் பார்த்த அமெரிக்க மருந்தியலாளர் எட்வர்டு டோமினோ, இவர்கள் சுற்றுப்புறத்திலிருந்து அறுந்துபோனது போல இருக்கிறார்களே, இதை என்னவென்று சொல்வது என்று தடுமாறினார். வீட்டில் மனைவி டோனியிடம் விவரித்தார். அவர் சொன்ன சொல்தான் மருத்துவ நூல்களில் இன்றைக்கும் நிற்கிறது. குழு, கூட்டம், தீர்மானம் எதுவும் இல்லை.

புணர்ச்சி பற்றிக் கேட்டவருக்கு: மறைப்புக் கசிவு, ஒற்று மிகும். வினையாக வரும்போது ‘மறைப்பு கசிந்தது’, மிகாது. வேண்டுமென்றே உறையைப் பிரிப்பதற்கு ஐயாவின் ‘மறைப்பவிழ்த்தல்’ என்பதையே எடுத்துக்கொள்கிறேன். தன்வினை வடிவம் நம் சொற்பட்டியலில் இல்லாததால் இனி ‘த்’ குழப்பமும் இல்லை.

கட்டுரையில் வைத்துப் பார்த்த மூன்று வாக்கியங்கள் கீழே. எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்:

‘உப்புநீரை மருந்துப்போலியாக வைத்ததால் இந்த ஆய்வில் மறைப்புக் கசிவு அதிகம்.’

‘மறைப்பு எவ்வளவு கசிந்தது என்பதை நோயாளிகளின் ஊகத்தைக் கேட்டு அளந்தார்கள்.’

‘நோயாளிக்குத் திடீரென உடல்நிலை மோசமானால் மறைப்பவிழ்த்தல் அனுமதிக்கப்படும்.’

மூன்றாவதில் எனக்கே ஏதோ நெருடுகிறது. வெள்ளிக்கிழமை கோப்பை அனுப்ப வேண்டும், அதற்குள் யாராவது சரி செய்து கொடுத்தால் நல்லது.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்