ஆவணத்தில் ‘பட்டியல்’, ‘வரிசை’, ‘மேப்’ குழப்பம்: எந்தச் சொல்லை நிலையாக வைப்பது?

கேள்வி

வணக்கம். பைத்தானில் எழுதிய ஒரு நூலகத்துக்குத் தமிழில் ஆவணம் தயாராகிறது. அந்த நூலகம் தரும் சேவையை கோ, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களும் ஜேசான் (மொழிகளுக்கிடையே தரவைப் பரிமாறும் உரை வடிவம்) வழியாக அழைக்கின்றன. லிஸ்ட், டூப்பிள் (லிஸ்ட் போன்றது, ஆனால் மாற்ற முடியாது), ஜேசான் அரே மூன்றுக்குமே ‘பட்டியல்’ என்றிருக்கிறது. டிக்‌ஷனரி ஒரு பக்கத்தில் ‘அகராதி’, அடுத்த பக்கத்தில் ‘மேப்’ (சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் அமைப்பு). க்யூவுக்கு (முதலில் வந்தது முதலில் வெளியேறும் அமைப்பு) ‘வரிசை’, அதே பக்கத்தில் “வரிசை மாறாது” என்றும் வருகிறது. பயனர்களின் புகார் இரண்டு: எண்ணாகக் கொடுத்த சாவி சரமாகத் திரும்புகிறது, கோ மொழியில் ஓட்டும்போதெல்லாம் இணைகள் இடம் மாறுகின்றன. சொற்களைத் திருத்தினால் தீருமா?

பதில் 1

பாதிதான் தீரும். தரவமைப்பின் பெயரைப் பார்த்ததும், தன் மொழியில் அது தரும் உறுதிகளையும் வாசகர் சேர்த்தே எடுத்துக்கொள்வார். சி++ இன் மேப் சாவிகளை ஏறுமுகமாக அடுக்கி வைக்கும். ஜாவாவின் ஹேஷ்மேப்பில் அப்படி எதுவும் இல்லை; லிங்க்டுஹேஷ்மேப் சேர்த்த முறையையும் (எது முன், எது பின் என்பதை), ட்ரீமேப் சாவியின் முறையையும் காக்கும். கோ மொழியில் மேப்பைச் சுற்றிவரும் முறையை வேண்டுமென்றே கலைத்து விடுகிறார்கள், யாரும் அதை நம்பி நிரல் எழுதிவிடக் கூடாதென்று. பைத்தான் டிக்‌ஷனரி சேர்த்த முறையைக் காக்கும் என்பது 3.7 பதிப்பிலிருந்துதான் மொழியின் விதி, 3.6 இல் அது சிபைத்தான் என்ற வழக்கமான பைத்தான் செயலாக்கத்தின் உள்விவரம் மட்டுமே.

ஆகவே “மேப் கிடைக்கும்” என்று நிறுத்தாதீர்கள். இப்படி எழுதுங்கள்: “சாவி–மதிப்பு இணைகளின் தொகுப்பு. சாவி சரம். இணைகள் எந்த முறையில் வரும் என்பதற்கு உறுதி இல்லை.” முறை முக்கியமென்றால் ஆவணத்தில் வாக்குக் கொடுத்துப் பயனில்லை, சாவியும் மதிப்பும் கொண்ட ஆப்ஜெக்ட்களை ஓர் அரேயில் வைத்து அனுப்புங்கள். ஜேசானில் முறை காக்கப்படும் அமைப்பு அரே மட்டுந்தான்.

பதில் 2

சாவி சரமாவது பிழையே இல்லைங்க. ஜேசான் ஆப்ஜெக்டில் சாவி சரமாக மட்டுமே இருக்க முடியும். பைத்தானில் ஜேசானாக எழுதும் டம்ப்ஸ், 7 என்ற எண்ணைச் சத்தமில்லாமல் "7" ஆக்கிவிடும்; ஜேசானைப் படிக்கும் லோட்ஸ் அதைத் திரும்ப எண்ணாக்காது. இதைவிட மோசமானது ஒன்று: ஒரே டிக்‌ஷனரியில் 7, "7" இரண்டுமே சாவியாக இருந்தால் வெளியீட்டில் "7" இருமுறை வரும், திரும்பப் படிக்கையில் கடைசி மதிப்புதான் மிஞ்சும். டூப்பிள் அரேயாகப் போய் லிஸ்டாகத் திரும்பும். செட்டைக் (ஒரே உறுப்பு இருமுறை வராத தொகுப்பு) கொடுத்தால் டைப்எரர் என்ற பிழை எழும். அது நல்லது, உடனே தெரிந்துவிடும்.

ஜாவாஸ்கிரிப்ட் பயனருக்கும் ஒரு வரி வேண்டும்: எண் போலத் தோன்றும் சாவிகளை அந்த மொழி ஏறுமுகமாக முன்னே கொண்டுவந்துவிடும். "10", "9" என அனுப்பினால் 9 முதலில் நிற்கும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. ‘பட்டியல்’ என்பதை லிஸ்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா? ஒரு பக்கத்தில் அதையே ‘இணைப்புப் பட்டியல்’ என்று விளக்கியிருக்கிறார்கள்.

பதில் 3

அந்த விளக்கத்தை முதலில் நீக்குங்கள். பைத்தான் லிஸ்ட் நீளக்கூடிய அரே. ஒவ்வோர் உறுப்பும் அடுத்ததைச் சுட்டும் லிங்க்டு லிஸ்ட் அல்ல. தப்பாகச் சொன்னால் வாசகர் முன்முனையிலிருந்து எடுப்பது மலிவு என்று நினைத்து பாப்(0) போடுவார். ஒவ்வொரு முறையும் மீதி உறுப்புகள் எல்லாம் ஓரிடம் நகரும். அந்த வேலைக்கு இரு முனையிலும் மலிவாக எடுக்கக்கூடிய டெக் இருக்கிறது.

சொற்களைப் பொறுத்தவரை: நிரலில் தட்டச்சிடும் வகைக்கு லிஸ்ட், டூப்பிள், டிக்‌ஷனரி என்று அந்தப் பெயரையே விடுங்கள். நிரல்களுக்கிடையே அனுப்பப்படும் வடிவத்துக்கு ‘ஜேசான் அரே’, ‘ஜேசான் ஆப்ஜெக்ட்’. ‘பட்டியல்’ பொதுப்பேச்சுக்கு மட்டும். க்யூ க்யூவாகவே இருக்கட்டும், ‘வரிசை’ முறையைக் குறிக்க மட்டும். அரேக்கு ‘அணி’ வேண்டாம். பள்ளிக் கணிதத்தில் அது மேட்ரிக்ஸ், நம்பை என்ற பைத்தான் எண்கணித நூலகம் பற்றிய பக்கத்தில் இரண்டும் மோதும். செட்டுக்குக் ‘கணம்’ சரி, அங்கே கணிதமும் அதையே சொல்கிறது. ஹீப் என்பது நினைவகப் பகுதிக்கும் ஒரு தரவமைப்புக்கும் பெயர்; அது வந்தால் ‘நினைவக ஹீப்’, ‘முன்னுரிமை ஹீப்’ என அடைமொழி கட்டாயம்.

ஒட்டுமொத்தமாகத் தேடி மாற்றாதீர்கள். வரிசையை, வரிசையில், வரிசைக்கு என்று வேற்றுமையேறிய ஒவ்வோர் இடமும் க்யூவா முறையா என்று கண்ணால் பார்க்க வேண்டும். மாறியின் பெயரில் நேராக உருபை ஒட்டாமல் “ஐட்டம்ஸ் என்ற அரேயை” என்று எழுதினால் பெயரும் சிதையாது, வகையும் தெரிந்துவிடும்.

பதில் 1

ஒன்று விட்டுப்போனது. ஆப்ஜெக்டை அரேயாக மாற்றும்போது பழைய புலத்தின் வடிவத்தைத் தொடாதீர்கள், கோ பயனரின் டீகோடிங் (ஜேசானைப் படித்தெடுக்கும் பகுதி) உடையும். புதிய புலமாகச் சேர்த்து, பழையதன் விளக்கத்தில் “முறைக்கு உறுதி இல்லை, முறை தேவையெனில் புதிய புலத்தைப் பயன்படுத்துக” என்று குறித்துவிடுங்கள்.