மாங்காய் கேம்: எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவிலிருந்து

*ஞாயிறு*

நான்: எல்லோருக்கும் வணக்கம். பழைய ஆர்கேட் கேம் ரசிகர்கள் சேர்ந்து ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள். பிரவுசரிலேயே ஓடுகிற ஒரு சின்ன கேம் செய்து அனுப்ப வேண்டும். நான் பெயர் கொடுத்துவிட்டேன். மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டும். உங்கள் எல்லோருடைய உதவியும் வேண்டும்.

பெரியப்பா (கிருஷ்ணகிரி): நல்லது பாப்பா. பிரவுசர் கேம் என்றால் பிளே ஸ்டோரில் இறக்க வேண்டுமா?

நான்: எதையும் இறக்க வேண்டாம் பெரியப்பா. லிங்க்கைத் தொட்டால் குரோமிலேயே திறக்கும். நெட் இல்லாதபோது ஒரு டைனோசர் ஓடுமே, அந்த வகை.

பெரியப்பா (கிருஷ்ணகிரி): அது தெரியும். அஞ்செட்டி போகிற வழியில் சிக்னல் போய்விட்டால் நானும் ஆடியிருக்கிறேன்.

தம்பி: பரிசு என்னக்கா?

நான்: பணம் கிடையாது. ஆனால் போட்டிக்கு வருகிற ஒவ்வொரு கேமையும் மற்ற போட்டியாளர்கள் ஆடிப் பார்த்து, எது நன்றாக இருக்கிறது, எது இடறுகிறது என்று எழுதுவார்கள். எனக்கு அதுதான் வேண்டும். இந்தக் கேம்களைச் சின்ன வயதிலிருந்து உயிராக நினைக்கிறவர்கள் என் கேமை ஆடப் போகிறார்கள்!

அம்மா: பரீட்சை?

நான்: பரீட்சை முடிந்துதான் பெயரே கொடுத்தேன் அம்மா.

அண்ணன் (ஓசூர்): விதிமுறை என்ன சொல்கிறது?

நான்: ஜிப் செய்தபிறகு மொத்தம் 13 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும். வெளியிலிருந்து பிறர் எழுதிய நிரல் லைப்ரரி, ஃபான்ட், படம் எதையும் இழுக்கக் கூடாது. போனிலும் ஓட வேண்டும். பழைய கேமின் உணர்வு இருக்கலாம், ஆனால் அதன் பெயர், உருவம், இசை எதையும் எடுக்கக் கூடாது.

அண்ணன் (ஓசூர்): 13 கிலோபைட் என்பது ஜேஎஸ்13கே என்ற பிரவுசர் கேம் போட்டியின் கணக்கு. 2012இலிருந்து வருடா வருடம் ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 13 வரை நடக்கும். அதைப் பார்த்து வைத்திருப்பார்கள். சரியாகச் சொன்னால் 13,312 பைட்.

சித்தி (தருமபுரி): 13 கிலோபைட்டா? இந்தக் குழுவில் வருகிற காலை வணக்கப் படம் ஒன்றே அதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்குமே.

நான்: ஆமாம் சித்தி. அதனால் படமே வைக்க முடியாது. மரம், காய், ஆள் எல்லாவற்றையும் பிரவுசருக்குப் புரிகிற ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதி, கோடு போட்டுத்தான் வரைய வேண்டும்.

தம்பி: பேக்மேன் மாதிரி செய்யலாமேக்கா. கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்குள் ஓடி ஓடி மாம்பழம் தின்கிற மாதிரி.

நான்: அது பேக்மேனுக்கு மாம்பழச் சட்டை போட்ட மாதிரி ஆகிவிடும். 1980இல் தோரு இவாதானி அதைச் செய்தபோது, பெரும்பாலும் சுட்டுக்கொண்டே இருந்த கேம்களுக்கு நடுவில் சாப்பிடுவதை வைத்துச் செய்தார். அவர் அப்படி ஒன்று புதிதாக யோசித்ததால்தான் இன்றைக்கும் அதற்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர் செய்த உருவத்தை எடுத்துக்கொண்டு அவருக்கு ரசிகை என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. மாம்பழம் மட்டும் சரி. அதில் நம் ஊரில் மட்டும் தெரிந்த ஏதாவது இருக்க வேண்டும். மாமா, இருக்கிறீர்களா?

மாமா (சந்தூர்): தோப்பில் இருக்கிறேன் கண்ணு. பெங்களூரா ரக மாங்காய் அறுப்பு நடக்கிறது. சாயங்காலம் பேசுகிறேன்.

நான்: அறுக்கும்போது ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள் மாமா. காய் அறுக்கிற தொரட்டிக் கோலின் நுனி நன்றாகத் தெரிகிற மாதிரி.

*ஞாயிறு, இரவு*

மாமா (சந்தூர்): (வீடியோ)

மாமா (சந்தூர்): பார்த்தாயா? நுனியில் வளைந்த கத்தி, அதற்குக் கீழே வலை. காய்க்கு மேலே காம்பில் கத்தியை மாட்டி ஒரு வெட்டு. காய் வலையில் விழும். சும்மா பிடித்து இழுக்கக் கூடாது.

நான்: இழுத்தால் என்ன ஆகும்?

மாமா (சந்தூர்): காம்பு அடியோடு பிய்ந்து வந்துவிடும். அந்த இடத்திலிருந்து பால் பீச்சி அடிக்கும். கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. காயின் தோலில் பட்ட இடம் கறுத்துப்போகும். கூடையில் அடியில் இருக்கிற நல்ல காய்மேல் வடிந்தால் அதுவும் கெட்டது. கொஞ்சம் காம்பு விட்டு அறுத்தால் இந்தத் தொல்லை இல்லை. கொண்டு வந்து நிழலில் காம்பைக் கீழே பார்க்கக் கவிழ்த்து வைத்து, இருக்கிற பாலையும் வடிய விடுவோம்.

நான்: மாமா, இதுதான். இதுதான் கேம்!

அண்ணன் (ஓசூர்): எப்படி?

நான்: மாங்காய் கேம் என்றால் எல்லோரும் விழுகிற காயைக் கூடையில் பிடிக்கிற மாதிரிதான் செய்வார்கள். இதில் காய் விழாது. நாம்தான் தொரட்டியை நகர்த்திக் காம்பில் மாட்ட வேண்டும். விரலை எடுத்தால் வெட்டு. காம்பில் சரியாக நின்றிருந்தால் காம்போடு வரும். தவறினால் பால் வடியும், கூடையில் அதற்கு அடியில் இருக்கிற காயெல்லாம் கறை படும். அவசரப்பட்டு ஒரு காயைப் பிடுங்கினால் முன்பு சேர்த்ததும் போகும்.

சித்தி (தருமபுரி): ஆடுகிறவருக்கு இதையெல்லாம் யார் விளக்குவது? எழுதிக் காட்டினால் என் பிள்ளைகள் படிக்காமல் தள்ளிவிட்டு ஆட ஆரம்பித்துவிடுவார்கள்.

நான்: எழுத்தே வேண்டாம் சித்தி. முதல் மரத்தில் ஒரே ஒரு காய். தப்பாக அறுத்தாலும் பால் வடிவது கண்ணுக்குத் தெரியும். அடுத்த முறை தானாகவே காம்பைத் தேடுவார்கள்.

அண்ணன் (ஓசூர்): சரி. போகப் போக எப்படிக் கடினமாகும்? வெறுமனே நேரத்தைக் குறைக்காதே, அது சலித்துப்போகும். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கதை தெரியும் இல்லையா?

நான்: தெரியும், நீயே சொல். எல்லோரும் கேட்கட்டும்.

அண்ணன் (ஓசூர்): 1978இல் நிஷிகாடோ என்பவர் செய்த கேம். மேலேயிருந்து வரிசை வரிசையாக எதிரிகள் இறங்குவார்கள். அந்தக் காலத்துச் சிப்புக்கு அத்தனை பேரையும் வரைய நேரம் பிடித்தது. சுடச் சுட ஆட்கள் குறைய, வரையும் வேலையும் குறைந்து, மிச்சம் இருந்தவர்கள் தானாகவே வேகமாக நகர்ந்தார்கள். அவர் அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டார். அந்தக் கேமின் பதற்றமே அதில்தான் இருக்கிறது.

மாமா (சந்தூர்): மரத்திலும் அப்படித்தான் தம்பி. கைக்கு எட்டுகிறது முதலில் தீர்ந்துவிடும். கடைசியில் மிஞ்சுவது உச்சாணிக் கொம்புக் காய். அதற்கு நீளக் கோல் வேண்டும். கோல் நீள நீள நுனி ஆடும். காற்று அடித்தால் கிளையும் ஆடும்.

அண்ணன் (ஓசூர்): முடிந்தது. மாமாவே டிசைன் செய்துவிட்டார்.

நான்: உயரம் கூடக் கூட ஆட்டம் கூடும். தனியாக லெவல் எதுவும் வேண்டாம். மரமே லெவல். மாமா, எந்தெந்த ரகம் வைக்கலாம்?

மாமா (சந்தூர்): பெங்களூரா கட்டாயம் வை. அது கூழ் ஆலைக்குப் போகிற காய், கொஞ்சம் கறை இருந்தாலும் ஓடிவிடும். செந்தூராவும் அல்போன்சாவும் பழமாக விற்பது. தோலைப் பார்த்துத்தான் வாங்குவார்கள், கறை பட்டால் விலை இறங்கிவிடும்.

அம்மா: ஆயா சொல்கிறார், நான் டைப் அடிக்கிறேன். "கீழே விழுந்த காயை வீணாக்கிவிடாதே. அடிபட்டதை அன்றைக்கே நறுக்கி உப்பு போட்டால் ஊறுகாய் ஆகும். அதற்கும் ஒரு பானை வை" என்கிறார்.

நான்: வைக்கிறேன் ஆயா. விழுந்த காய்க்கும் கொஞ்சம் மதிப்பெண் உண்டு.

*வெள்ளி*

நான்: முதல் வடிவம் தயார். லிங்க் போட்டிருக்கிறேன். அவரவர் போனில் ஆடிப் பார்த்து, பிடிக்காததை அப்படியே சொல்லுங்கள்.

தம்பி: அக்கா சூப்பர். கிளை ஆடுவது நிஜமாகவே இருக்கிறது.

அம்மா: ஆயா போனில் மாங்காய்க்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

அண்ணன் (ஓசூர்): இமோஜி வைத்திருக்கிறாயா?

நான்: ஆமாம், இடம் மிச்சம் ஆகும் என்று.

அண்ணன் (ஓசூர்): எழுத்துக்கும் இமோஜிக்கும் பொதுத் தரம் யூனிகோட். மாம்பழ இமோஜி 2018இல் வந்த யூனிகோட் 11இல்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய போனில் கட்டம்தான் வரும். பிரவுசரில் வரைய இருக்கிற கேன்வாஸில் நீயே வரைந்துவிடு.

மாமா (சந்தூர்): வரைவதானால் பெங்களூராவுக்கு மூக்கு வை. கிளிமூக்கு இல்லாவிட்டால் அது பெங்களூரா இல்லை.

சித்தி (தருமபுரி): எனக்கு ஒரு தொல்லை. கோலைக் கீழே இழுக்கும்போது பக்கம் முழுக்க மறுபடி லோட் ஆகிறது. சேர்த்த காயெல்லாம் போய்விடுகிறது.

நான்: அது பிரவுசரின் பழக்கம் சித்தி. கீழே இழுத்தால் பக்கத்தைப் புதுப்பிக்கச் சொல்கிறோம் என்று எடுத்துக்கொள்கிறது. இந்த இடத்தில் விரல் அசைவை நீ எடுத்துக்கொள்ளாதே என்று ஸ்டைலில் ஒரு வரி போட்டால் நின்றுவிடும். இன்றைக்கே போடுகிறேன்.

பெரியப்பா (கிருஷ்ணகிரி): பாப்பா, என் போனில் கிளை பேய் பிடித்த மாதிரி ஆடுகிறது. உன் பெரியம்மா போனில் மெதுவாகத்தான் ஆடுகிறது. ஒரே வீட்டில் இரண்டு விதமாக இருக்கிறதே?

அண்ணன் (ஓசூர்): உங்கள் புதுப் போனின் திரை 120 ஹெர்ட்ஸ் பெரியப்பா, அதாவது விநாடிக்கு 120 தடவை புதுப்பிக்கும். பெரியம்மாவுடையது 60 ஆக இருக்கும். திரை புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவையும் கிளையை இத்தனை புள்ளி நகர்த்து என்று எழுதினால், உங்கள் போனில் அது இரண்டு மடங்கு வேகம். கடைசியாக வரைந்ததிலிருந்து எத்தனை மில்லிவிநாடி ஆனது என்று பார்த்து, அதால் பெருக்கி நகர்த்தினால் எல்லாப் போனிலும் ஒன்றாக ஓடும்.

நான்: பெரியப்பா, ரொம்ப நன்றி. மற்ற போட்டியாளர்களில் யாராவது 120 ஹெர்ட்ஸில் ஆடியிருந்தால் முதல் மரத்தையே தாண்டியிருக்க முடியாது.

சித்தி (தருமபுரி): சத்தம் எதுவும் வரவில்லையே?

நான்: முதல் தொடலுக்கு முன் சத்தம் போட பிரவுசர் விடாது சித்தி. "தொடு" என்று ஒரு பொத்தான் வைத்து அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

தம்பி: ஆயா தோப்பில் கூப்பிடுகிற குரலைச் சேர்க்கலாம் என்றாயே?

நான்: அதற்குத்தான் வருத்தம். பதிவு செய்து, முடிந்த அளவு சுருக்கியும் பார்த்தேன். அந்த ஒரு குரலே இடத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது. கத்தி வெட்டும் ஒலி, காய் வலையில் விழும் ஒலி இரண்டையும் கணக்குப் போட்டு ஆடியோ அலையாகவே உருவாக்கியிருக்கிறேன். கோப்பே வேண்டாம், சில வரிகள்தான். ஆயா குரலை அப்படி உருவாக்க முடியாது.

அம்மா: ஆயா சொல்கிறார்: "குரல் கிடக்கட்டும். காய் வலையில் விழும்போது தொப்பென்று விழக் கூடாது. வலை கொஞ்சம் தொய்ந்து தூக்கும்."

நான்: ஆமாம் ஆயா, மாமா வீடியோவிலும் அப்படித்தான் இருக்கிறது. செய்துவிடுகிறேன்.

*மாதக் கடைசி*

நான்: ஜிப் செய்து பார்த்தால் வரம்புக்கு மேலே நிற்கிறது. எதை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் வரைந்த மலையா, ஊறுகாய்ப் பானையா?

மாமா (சந்தூர்): மலையை எடு. அறுக்கிறவன் மலையைப் பார்ப்பதில்லை, காம்பைத்தான் பார்ப்பான்.

அண்ணன் (ஓசூர்): நானும் அதையே சொல்வேன். நிரலில் இருக்கிற மாறிகளின் நீளப் பெயரையெல்லாம் ஓரெழுத்தாகச் சுருக்கிவிடு. தேவையில்லாத இடைவெளிகளை எடுத்துவிடும் மினிஃபையர் போட்டுவிட்டு மறுபடி ஜிப் செய்.

நான்: மலையை எடுத்துவிட்டேன். மினிஃபை செய்து ஜிப் செய்தாயிற்று. உள்ளே அடங்கிவிட்டது. பானையும் இருக்கிறது!

சித்தி (தருமபுரி): பெயர் என்ன வைத்தாய்?

நான்: தொரட்டி. விளக்கத்தில் "கிருஷ்ணகிரி மாந்தோப்பில் காய் அறுக்கும் முறையை வைத்துச் செய்தது" என்று எழுதியிருக்கிறேன். நன்றி சொல்லும் இடத்தில் மாமா, ஆயா, சோதித்துப் பார்த்த வீட்டார் என்று போட்டிருக்கிறேன்.

மாமா (சந்தூர்): என்னை எதற்குக் கண்ணு?

நான்: உயரம் கூடினால் கோல் ஆடும் என்று சொன்னது நீங்கள்தானே மாமா. அது இல்லாமல் இந்தக் கேமே இல்லை.

நான்: அனுப்பிவிட்டேன். ஏற்றுக்கொண்டோம் என்று மெயில் வந்துவிட்டது.

பெரியப்பா (கிருஷ்ணகிரி): ரொம்ப சந்தோஷம் பாப்பா. லிங்க்கைக் கொடு. நம் தெருக் குழு, கோயில் குழு எல்லாவற்றிலும் போட்டு ஓட்டுப் போடச் சொல்கிறேன்.

நான்: வேண்டாம் பெரியப்பா. போட்டியில் கலந்துகொண்டவர்கள் மட்டும்தான் மதிப்பெண் போடலாம், அதுவும் கேமை ஆடிய பிறகு. நீங்கள் எல்லோரும் சும்மா ஆடுங்கள், ஆடச் சொல்லுங்கள். ஓட்டுக் கேட்க வேண்டாம்.

பெரியப்பா (கிருஷ்ணகிரி): சரி. ஆடச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

தம்பி: என் ஸ்கோர் பெரியம்மா போனில் வரவில்லையேக்கா?

நான்: அதிக மதிப்பெண் அந்தந்த போனின் பிரவுசரிலேயே சேமிக்கிறதுடா. சர்வர் எதுவும் இல்லை. நீ ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடு.

தம்பி: (படம்)

மாமா (சந்தூர்): கூடையில் ஒரு கறைகூட இல்லையே! நாளைக்குத் தோப்புக்கு வந்துவிடு, ஒரு கோல் தருகிறேன்.

நான்: நானும் வருகிறேன் மாமா. ஆனால் சாயங்காலம்தான். மற்றவர்களின் கேம்கள் வந்து குவிந்திருக்கின்றன. காலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்து, அவர்களுக்கு ஒழுங்காக எழுத வேண்டும்.