ஹைலோ மாட்டிவிட்டுச் சொகுசு கேட்கிறார்கள்

மைவி_மாமா (செந்தூல்):
நேற்று ஒரு வீடியோ பார்த்து எரிச்சலாகிவிட்டது. மைவி காரில் ஹைலோ சாஃப்ட்-ஹார்ட் செட் (காரின் உயரத்தையும் அப்சார்பரின் இறுக்கத்தையும் மாற்றும் சஸ்பென்ஷன்) மாட்டிவிட்டு ஒருவர், "க்ளிக்கைக் கடைசிவரை சாஃப்ட் பக்கம் திருப்புங்கள், ஒரிஜினலை விடச் சொகுசு" என்கிறார். அப்பட்டமான புளுகு. அந்தத் திருகு அப்சார்பருக்குள் எண்ணெய் ஓடும் வழியைத்தான் கூட்டிக் குறைக்கும். ஸ்பிரிங்கைத் தொடாது. 6 கிலோ ஸ்பிரிங் என்றால் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 6 கிலோ எடை வேண்டும். எந்தப் பக்கம் திருகினாலும் 6 கிலோதான்.

செராஸ்_ஸ்டான்ஸ்:
அண்ணே, நீங்கள் ஹைலோ போட்டு ஓட்டியதுண்டா? நான் தினமும் ஓட்டுகிறேன். சாஃப்டில் வைத்தால் தாமான் ரோட்டு பம்ப்பில் (வேகத்தடையில்) அலுங்காமல் இறங்குகிறது. அம்மா பின்சீட்டில் தூங்குகிறார்.

மைவி_மாமா:
அம்மா தூங்குவதெல்லாம் ஆதாரமா தம்பி? ஸ்பிரிங் 6 கிலோ. ஒரிஜினலில் அதில் பாதிகூட இருக்காது. கெட்டி ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு அப்சார்பரைத் தளர்த்தினால் அதை அடக்க ஆளில்லை. பம்ப்பில் மெதுவாக இறங்கும், சரி. ஹைவேயில் ஏறியதும் குதித்துக்கொண்டே போகும். இறக்கிய காரில் அமுங்க இடமும் குறைவு, கொஞ்சம் பெரிய குழி என்றால் நேராக பம்ப் ஸ்டாப்பில் (கடைசியில் தாங்கும் ரப்பர் கட்டையில்) இடிக்கும்.

பிறை_பையன்:
பினாங்குப் பாலத்துக்கு வந்து பாருங்கள். 13.5 கிலோமீட்டர், மூட்டுக்கு மூட்டு தடக் தடக். நான் உயரத்தைக் குறைக்கவே இல்லை. ஒரிஜினல் ஸ்பிரிங், புது கயாபா கம்பெனி அப்சார்பர், அவ்வளவுதான். காசும் மிச்சம்.

செராஸ்_ஸ்டான்ஸ்:
பிறைக்காரருக்குப் பாலத்தை விட்டால் பேச்சே இல்லை. ஜாலான் கிள்ளான் லாமாவில் மழை பெய்த மறுநாள் ஓட்டிவிட்டு வாருங்கள், அப்புறம் ரோட்டைப் பற்றிப் பேசலாம்.

பிறை_பையன்:
கேஎல்காரர்களுக்குக் குழியிலும் பெருமை!

சாகா_சங்கதி:
இதற்குத்தான் புரோட்டான் வாங்குங்கள் என்றேன். 1996-இல் லோட்டஸையே வாங்கிய கம்பெனி. மென்மையான ஸ்பிரிங், அதை நன்றாக அடக்கும் அப்சார்பர், இதுதான் லோட்டஸ் வழி. மைவிக்காரர்களுக்கு எங்கே புரியப் போகிறது.

மைவி_மாமா:
நான் சொன்னதையே சொல்லிவிட்டு என்னையே திட்டுகிறாய். ஸ்பிரிங் மென்மை என்கிறாய் அல்லவா? அங்கே 6 கிலோ.

செராஸ்_ஸ்டான்ஸ்:
லோட்டஸை 2017-இல் விற்றாச்சு லா. இன்னும் அந்தப் பழம்பெருமையா?

பத்துகேவ்ஸ்_புதுசு:
நான் கேட்க வந்தது வேறு. பழைய மைவி, 195/45 ஆர்16 டயர் போட்டிருக்கிறேன். சின்னக் குழியிலும் தட்தட் என்கிறது. அப்சார்பர் மாற்றினால் சரியாகுமா?

மைவி_மாமா:
முதலில் 175/65 ஆர்14-க்குத் திரும்பு. உன் டயரின் பக்கச் சுவர் 88 மில்லிமீட்டர், அதில் 114. அந்த வித்தியாசமே பாதிச் சொகுசு. சஸ்பென்ஷனின் இணைப்புச் சாமான்களான ஸ்டெபிலைசர் லிங்க், டாப் மவுண்ட், லோவர் ஆர்ம் புஷ் மூன்றையும் பார். சத்தம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். ஹைலோ பக்கம் போகாதே. செராஸ்காரர் வந்து க்ளிக்கைத் திருகு என்பார். திருகினாலும்

செராஸ்_ஸ்டான்ஸ்:
6 கிலோ. தெரியும். எத்தனை தடவை சொல்வீர்கள்? போன வருடம் இதே இடத்தில் "ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று அறுத்தால் போதும்" என்று சொன்னவர் யாராம்? அறுத்தால் ஸ்பிரிங் இன்னும் கெட்டியாகும் என்று அப்போது தெரியாதா?

மைவி_மாமா:
அது டிராக் கார் வைத்திருந்தவனுக்குச் சொன்னது. பேச்சை மாற்றாதே.

பிறை_பையன்:
அவர் பசார் (சந்தை) போய்வரும் கார் என்றுதான் கேட்டிருந்தார். ஞாபகம் இருக்கிறது.

மைவி_மாமா:
உன் ஞாபகத்தைப் பாலத்திலேயே வைத்துக்கொள்.

பத்துகேவ்ஸ்_புதுசு:
டாப் மவுண்ட் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

சாகா_சங்கதி:
புரோட்டான் சாகா வாங்கு. எதையும் மாற்ற வேண்டாம்.

செராஸ்_ஸ்டான்ஸ்:
மாமா, எனக்குப் பாடம் நடத்துவது இருக்கட்டும். நீங்கள் போட்ட படத்தில் கண்ணாடியில் ரோடு டேக்ஸையே காணோம். அதை முதலில் கட்டுங்கள்.

மைவி_மாமா:
2023-லிருந்து சொந்தக் காரில் அதை ஒட்டவே தேவையில்லை. இதுகூடத் தெரியாமல் சஸ்பென்ஷன் பேச வந்துவிட்டாய்.