கிணத்துத் தண்ணி இறங்கினதை இங்கிலீசில எப்பிடி எழுதுறது? ஃபோல், ட்றொப், சிங்க், டிசென்ட் எது சரி?

கிணத்தடிப் பிள்ளை (வலிகாமம்):
எல்லாருக்கும் வணக்கம். எங்கட ஊர்ப் பொடியள் கொஞ்சப்பேர் சேர்ந்து வீட்டுக் கிணறு, தோட்டக் கிணறு எண்டு மாரியிலயும் கோடையிலயும் தண்ணி மட்டம் அளந்து வைச்சிருக்கினம், தமிழில அறிக்கை முடிஞ்சுது, இப்ப வெளிநாட்டில இருக்கிற எங்கட ஊர்ச் சனத்துக்கு இங்கிலீசிலயும் அனுப்போணும், அங்க பிறந்த பிள்ளையளும் வாசிக்கோணுமெல்லோ. அந்த வேலை என்னட்ட வந்திருக்கு. தமிழில எல்லாத்துக்கும் "இறங்கினது" எண்டு எழுதியாச்சு. தண்ணி இறங்கினது, வாளியை இறக்கினது, அளக்கிறதுக்கு ஒராள் உள்ளுக்க இறங்கினது, வெள்ளம் இறங்கினது. அகராதியைத் திறந்தால் ஒரு குவியல் சொல் கிடக்கு, ஃபோல், ட்றொப், சிங்க், லோவர், டிசென்ட், டிக்ளைன், எதை எங்க போடுறதெண்டு விளங்கேல்லை. யாழ்ப்பாணத்தில எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை, வழுக்கியாறும் மழைக்குத்தான் ஓடுறது, குடிக்கிறதும் தோட்டத்துக்கு இறைக்கிறதும் சுண்ணாம்புக் கல்லுக்குள்ள நிக்கிற மழைத்தண்ணி. அதால இதை வாசிக்கிற ஆக்கள் ஒண்டையும் பிழையா விளங்கக்கூடாது. தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

சுன்னாகம் பொடியன்:
அக்கா எல்லாத்துக்கும் 'கோ டவுன்' போடுங்கோ, இறந்தகாலம் எண்டால் 'வென்ற் டவுன்'. பிழை வராது.

கிணத்தடிப் பிள்ளை:
நன்றி தம்பி, ஆனா ஒரே பக்கத்தில பத்துத் தரம் 'வென்ற் டவுன்' வந்தால் வாசிக்கேலாது, அதோட வாளியை இறக்கினதுக்கு அது பொருந்துமோ?

இளைப்பாறின இங்கிலீஸ் ரீச்சர்:
தம்பி சொன்னது பிழையில்லை, பேச்சில அதுதான் கூடுதலா வரும், தண்ணி மட்டத்துக்கும் காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் 'வென்ற் டவுன்' நல்லாப் பொருந்தும். ஆனா பிள்ளை, வாளிக்கு அது காணாது. நீர் ஒரு வாளியையே வைச்சுப் பாரும். கயித்தைப் பிடிச்சு மெல்ல மெல்ல உள்ளுக்க விடுறீர், அது 'லோவர்'. கை தவறி விட்டிட்டீர், அது 'ட்றொப்'. கயிறு அறுந்து அது தானாப் போகுது, அது 'ஃபோல்'. தண்ணியில விழுந்த வாளி கொஞ்சம் மிதந்து, தண்ணி நிரம்பி அமிழுது, அது 'சிங்க்'. நாலு சொல்லும் கீழ போறதுதான், ஆனா கை இருக்கோ, கட்டுப்பாடு இருக்கோ, தண்ணிக்குள்ளயோ எண்டதைப் பொறுத்து மாறும்.

'லோவர்' எண்டதுக்குப் பொதுவா ஆரோ ஒராள் எதையோ இறக்கோணும், 'வீ லோவர்ட் த பக்கெற்' எண்டு. 'ஃபோல்' அப்பிடியில்லை, அதுக்குப் பின்னால செயப்படுபொருள் வராது, 'ஐ ஃபெல் த பக்கெற்' எண்டு எழுதேலாது. 'ட்றொப்' ரெண்டுக்கும் போகும், 'ஐ ட்றொப்ட் த பக்கெற்' எண்டும் எழுதலாம், 'த லெவல் ட்றொப்ட்' எண்டும் எழுதலாம். இன்னொண்டு, 'ஃபோல்' இறந்தகாலத்தில 'ஃபெல்', கனபேர் 'ஃபெல்ற்' எண்டு எழுதீனம், அது உணர்ந்தது எண்ட வேற வினை. இதை வகுப்பில எவ்வளவு சொன்னாலும் பிள்ளையள் திரும்பவும் அதையே எழுதுவினம்.

கிணத்தடிப் பிள்ளை:
வாளி வடிவா விளங்கீட்டுது ரீச்சர். அப்ப தண்ணி மட்டத்துக்கு 'ஃபெல்' தானே? 'சிங்க்' இன்ர இறந்தகாலம் 'சாங்க்' போடேலாதோ, தண்ணிதானே?

இளைப்பாறின இங்கிலீஸ் ரீச்சர்:
தண்ணிக்குள்ள வேற ஒண்டு அமிழுறதுக்குத்தான் கூடுதலா 'சிங்க்', வள்ளம், கல்லு, வாளி எண்டு. அளந்த தண்ணி மட்டத்துக்கு 'ஃபெல்' அல்லது 'ட்றொப்ட்' போடும். மனுசர் தண்ணிக்குள்ள மூழ்கிச் செத்தால் 'ட்றவுன்', வள்ளத்துக்கு அந்தச் சொல் வராது. ஆனா கிணத்துக்கு 'சிங்க்' வாற ஒரு இடம் இருக்கு, 'வீ சாங்க் எ வெல்' எண்டால் கிணறு வெட்டினது. மாறி 'த வெல் சாங்க்' எண்டு எழுதினால் கிணறே நிலத்துக்க தாண்டு போனது எண்டாகீடும், பயமெண்டால் 'டக் எ வெல்' எண்டு எழுதிவிடும்.

தோட்டக்காரன் மகன் (புத்தூர்ப் பக்கம்):
தங்கச்சி, இங்கிலீசை விட உங்கட அட்டவணையில ஒரு பெரிய பொறி இருக்கும், அதைப் பாருங்கோ. நீங்கள் தரையில இருந்து தண்ணி வரைக்கும் தானே அளந்திருப்பியள்? ஒரு கிணத்தில மாசியில 3 மீற்றர், ஆவணியில 5 மீற்றர் எண்டு வைப்பம். இலக்கம் கூடியிருக்கு, தண்ணி குறைஞ்சிருக்கு. இலக்கத்தைப் பார்த்து எழுதிற ஆள் 'றோஸ்', அதாவது ஏறினது, எண்டு எழுதிவிடுவார், வாசிக்கிற ஆள் கோடையில கிணறு நிரம்பினது எண்டு நினைப்பார். எழுவாய் எதுவோ அதுக்குத்தான் வினை. எழுவாய் 'வோற்றர் லெவல்' எண்டால் 'ஃபெல்', எழுவாய் 'டெப்த் ரு வோற்றர்' (தரையில இருந்து தண்ணி வரைக்குமான ஆழம்) எண்டால் 'இன்கிறீஸ்ட்' (கூடினது). ஒண்டைத் தெரிஞ்செடுத்து கடைசிவரைக்கும் அதையே எழுதுங்கோ, நடுவில மாத்தினால் நீங்களே குழம்புவியள். வரைபு கீறுறதெண்டால் சைபரை மேல வைச்சு ஆழத்தைக் கீழ்நோக்கிக் கீறுங்கோ, நிலத்தடித் தண்ணி ஆக்கள் கனபேர் அப்பிடித்தான் கீறுறவை, கோடு கீழ போனால் தண்ணியும் கீழ போனது எண்டு பார்த்த உடன விளங்கும்.

அதோட உப்பையும் விட்டிடாதேங்கோ. எங்கட நல்லதண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மிதக்கிற ஒரு படை, நிலாவரைக் கிணத்திலயும் மேல நல்லதண்ணி ஆழத்தில உப்பு. பம்ப் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைச்சால் மேல மட்டம் இறங்க, கீழ இருந்து உப்பு ஏறும். ஒரு வசனத்திலயே ரெண்டையும் சொல்லோணும், 'அஸ் த வோற்றர் லெவல் ஃபெல், சோல்ற் வோற்றர் றோஸ்' எண்டு. இதுதான் உங்கட அறிக்கையிலயே முக்கியமான வசனம் எண்டு நான் சொல்லுவன்.

வங்கி உத்தியோகத்தர்:
இலக்கம் எண்ட உடன இதையும் சொல்லோணும், 'பை' யும் 'ரு' வும். 'ஃபெல் பை 2 மீற்றேர்ஸ்' எண்டால் 2 மீற்றர் குறைஞ்சது, 'ஃபெல் ரு 5 மீற்றேர்ஸ் பிலோ கிறவுண்ட்' எண்டால் குறைஞ்சு போய் நிண்ட இடம். எங்கட நாட்டுக் கணக்கிலயே பாருங்கோ, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 2022 செப்ரெம்பரில 69.8 வீதம், 2023 செப்ரெம்பரில 1.3 வீதம். அது 1.3 க்கு விழுந்தது, 'ஃபெல் ரு'. 1.3 ஆல விழுந்தது, 'ஃபெல் பை', எண்டு எழுதினால் இன்னும் 68.5 இல நிக்குது எண்டாகும். இவ்வளவு கெதியா இவ்வளவு தூரம் விழுந்ததுக்கு 'பிளமெற்' போடலாம். ஆனா விழுந்தது பணவீக்கம், விலையில்லை, விலை ஏறின வேகம்தான் குறைஞ்சது. அப்ப 'பிறைசஸ் ஃபெல்' எண்டு எழுதினால் சுத்தப் பிழை, சந்தைக்குப் போன ஆக்களுக்குத் தெரியும். அண்ணை சொன்ன மாதிரி எழுவாயில கவனம்.

கிணத்தடிப் பிள்ளை:
இது ரெண்டும் எனக்குத் தேவையான விசயம், கனக்க நன்றி. இன்னும் ரெண்டு. எங்கட பொடியன் ஏணி வைச்சுக் கிணத்துக்க இறங்கினவன், அதுக்கு 'டிசென்ட்' சரியோ? மற்றது மாரி வெள்ளம் இறங்கினது.

இளைப்பாறின இங்கிலீஸ் ரீச்சர்:
'டிசென்டட் இன்ரு த வெல்' சரி, அறிக்கைக்கு ஏத்த நடை, சாதாரணமா எழுதிறதெண்டால் 'கிளைம்ட் டவுன் இன்ரு த வெல்' எண்டு போடும், எனக்கு அதுதான் விருப்பம். பிளேன் இறங்கிறதுக்கும் 'டிசென்ட்' தான், பலாலிக்கு வாற பிளேன் 'ஃபெல்' எண்டு எழுதினால் அது விபத்து. பொடியனுக்கும் அப்பிடித்தான், 'ஃபெல் இன்ரு த வெல்' எண்டால் அங்க இருக்கிற சொந்தக்காரர் உடன போன் எடுப்பினம். வெள்ளத்துக்கு 'சப்சைட்' அல்லது 'றிசீட்', முதலாவது மட்டம் குறையிறது, ரெண்டாவது வந்த வழியால பின்வாங்கிப் போறது, உம்மட இடத்துக்கு எதுவும் பொருந்தும்.

சுன்னாகம் பொடியன்:
'டிக்ளைன்' எப்ப ரீச்சர்? எங்கட சேர் 'ட்றொப்' எண்டால் கெதியா, 'டிக்ளைன்' எண்டால் ஆறுதலா எண்டவர்.

இளைப்பாறின இங்கிலீஸ் ரீச்சர்:
பாதி சரி தம்பி. வருசக்கணக்கில கொஞ்சம் கொஞ்சமாக் குறையிறதுக்கு 'டிக்ளைன்' நல்லாப் பொருந்தும். 'ட்றொப்' பில ஒரு சடுதி இருக்கு, ஆனா 'கிறாஜுவலி' எண்ட சொல்லைச் சேர்த்து ஆறுதலான இறக்கத்துக்கும் எழுதிறவை. 'டிக்ளைன்' இல ஒரு கவனம், ஒராள் எதையாவது 'டிக்ளைன்' பண்ணினால் கூடுதலா அது மறுத்தது எண்டுதான் அர்த்தம். ஒரு மழையில்லாத கிழமை கொஞ்சம் இறங்கித் திரும்ப ஏறினதுக்கு 'டிப்' போடும் பிள்ளை.

கிணத்தடிப் பிள்ளை:
இப்பிடி எழுதியிருக்கிறன், பாருங்கோ. 'வீ லோவர்ட் எ மெசறிங் ரேப் இன்ரு ஈச் வெல். பிற்வீன் ஃபெப்ரவரி அன்ட் ஓகஸ்ற் த வோற்றர் லெவல் ஃபெல் டவுன் பை 2 மீற்றேர்ஸ். அஸ் இற் ஃபெல், சோல்ற் வோற்றர் றோஸ்.'

இளைப்பாறின இங்கிலீஸ் ரீச்சர்:
ரெண்டாவது வசனத்தில 'டவுன்' ஐ எடுத்துவிடும். மதில் விழுந்தால், ஆள் நிண்ட இடத்தில விழுந்தால் 'ஃபெல் டவுன்', மட்டத்துக்கு 'ஃபெல்' மட்டும். மிச்சம் அப்பிடியே அனுப்பலாம்.