முகம் மஞ்சளாக வெளிறியிருந்தால் எதைப் பார்ப்பது?

கோத்தகிரி வாசி:
தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அண்ணிக்கு முகம் வெளிறி, லேசாக மஞ்சளும் ஓடியிருக்கிறது. ரத்தசோகையா, காமாலையா, வெறும் குளிரா?

மலை நர்ஸ்:
பகல் வெளிச்சத்தில் பாருங்க, பல்பு ஏமாற்றும். குளிரில் தோலின் ரத்தக்குழாய் சுருங்குவதால் முகத்தை நம்ப முடியாது. கீழ் இமையை இழுத்து உட்பக்கம், பிறகு நாக்கு, உள்ளங்கை. இவை வெளுத்திருந்தால் ரத்தசோகை என்று சந்தேகிக்கலாம். வெள்ளைவிழி மஞ்சளா? காமாலை, அன்றே ஆஸ்பத்திரி. விழி வெள்ளையாகவே இருந்து உள்ளங்கை மட்டும் மஞ்சள் என்றால், தினமும் கேரட் தின்கிறாரா என்று கேளுங்க (நம்ம ஊரில் அதற்கா பஞ்சம்!). குறைத்தால் மெல்ல மறையும்.

லேப் ஆள்:
ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்க. பெண்களுக்கு 100 மில்லி ரத்தத்தில் குறைந்தது 12 கிராம் ஹீமோகுளோபின் என்பது கடல்மட்டக் கணக்கு. உயரம் கூடினால் ஹீமோகுளோபினும் கூடும். 2,240 மீட்டரில் உள்ள ஊட்டியில் 12 வந்தால் 'நார்மல்' என்று விட்டுவிடக் கூடாது.

கூடலூர்க்காரன்:
டாக்டர் இரும்பு மாத்திரை எழுதினால் டீயோடு விழுங்க வேண்டாம். டீயில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் நல்லது. மலம் கறுக்கும், பயமில்லை. ஹீமோகுளோபின் அளவு ஏறியதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். உடம்பின் இரும்பு இருப்பு நிரம்ப இன்னும் 3 மாதமாவது தேவை. அடிக்கடி மூட்டுவலி, காமாலை இருந்தால் அரிவாள் அணுச் சோகைக்கும் (சிக்கிள் செல், சிவப்பணு அரிவாள் போல வளையும் நோய்) சோதிக்கச் சொல்லுங்க. இங்குள்ள பழங்குடிக் குடும்பங்கள் சிலவற்றில் அது வழிவழியாக வருகிறது.