வாலில் கூடிய 23 கிராம்

வரைபடம் தொடங்கி வண்ணம் வரை நானே செய்த முதல் மாதிரி விமானம், ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 120 செ.மீ. இறக்கை கொண்டது. பேட்டரியுடன் 750 கிராமுக்குள் முடிக்க எண்ணியது, 900 கிராமில் வந்து நின்றது. ஒட்டுவதற்கு முன் ஒரு துண்டைக்கூட நிறுத்துப் பார்க்காததால், அந்த 150 கிராம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரியவில்லை.

முதல் நாள் தரையிறக்கும்போது, ஓர் ஆள் உயரத்தில் வேகத்தைக் குறைத்தவுடன் இடது இறக்கை சரிந்து, சக்கரத் தண்டு பிய்ந்து, விமானம் மண்ணில் உருண்டது. எடை ஐந்தில் ஒரு பங்கு கூடினால், காற்றில் நிற்பதற்குத் தேவையான குறைந்தபட்ச வேகமும் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடிவிடும். நானோ 750 கிராம் விமானத்தை இறக்கும் நினைப்பிலேயே இறக்கினேன்.

உடைந்தவற்றைப் பிரித்து நகைத் தராசில் வைத்தபோது, வால் பகுதி மட்டும் கணக்கைவிட 23 கிராம் கூடுதலாக இருந்தது. கனமான பால்சா (மாதிரி விமானங்களுக்குப் பயன்படும் இலேசான மரம்), மூட்டுகளில் வழிய வழியப் பூசிய எபாக்ஸி (இரு பொருள்களைக் கலந்து பூசும் பசை), அதன்மேல் பட்டி, பிறகு மூன்று பூச்சு வண்ணம். வால் ஈர்ப்பு மையத்துக்கு 60 செ.மீ. பின்னாலும், ஈயம் வைக்கும் மூக்கு 20 செ.மீ. முன்னாலும் இருந்ததால், பின்னால் ஏறிய ஒவ்வொரு கிராமுக்கும் முன்னால் மூன்று கிராம் வைக்க வேண்டியிருந்தது. சமநிலைக்காக மூக்கில் நான் திணித்த தூண்டில் ஈயம் மட்டுமே 70 கிராம்!

அடுத்த விமானத்துக்கு 1.5 மி.மீ. தடிப்பில் ஒரே அளவுள்ள எட்டுப் பால்சாத் தகடுகளை வாங்கி, ஒவ்வொன்றின் எடையையும் பென்சிலால் அதன் மேலேயே எழுதினேன். மிக இலேசானது 11 கிராம், மிகக் கனமானது 19 கிராம். விரலால் தடவிப் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. இலேசானவை வாலுக்கும், கனமானவை மூக்குப் பகுதிக்கும் போயின. எபாக்ஸியை மோட்டார் பொருத்தும் பலகையோடு நிறுத்திக்கொண்டு, மற்ற இடங்களில் ஃபெவிகாலை மெல்லத் தடவினேன். அதிலுள்ள நீர் ஆவியாகிவிடும், எபாக்ஸியோ பூசிய எடையில் அப்படியே தங்கிவிடும். பேட்டரியைச் சற்று முன்னே தள்ளியதும், ஈயமே இல்லாமல் 740 கிராமில் சமநிலை கிடைத்தது.

* * *

மேலே எழுதியவரின் அனுபவத்தோடு, மாதிரி விமானம் செய்யும் இன்னொருவரான என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். இறக்கைக்கு வடிவம் தரும் 22 விலாத் தகடுகளிலும் ஒரு மாலை முழுவதும் துளையிட்டு நான் மிச்சப்படுத்தியது 5 கிராம்கூட இல்லை. அது போதாதென்று, இறக்கையின் நீளவாக்கில் ஓடி அதன் சுமையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களையும் உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கினேன். கீழ்நோக்கிப் பாய்ந்த விமானத்தை நிமிர்த்தியபோது இறக்கை நடுவில் மடிந்துவிட்டது. இப்போது சட்டங்களை முழுத் தடிப்பில் விட்டு, மேல்சட்டத்துக்கும் கீழ்சட்டத்துக்கும் இடையே, மர நார் செங்குத்தாக நிற்கும்படி மெல்லிய பால்சாத் தகடுகளை அடைக்கிறேன். அவற்றின் மொத்த எடை 4 கிராம். அதை மனமாரக் கொடுக்கிறேன்.